எறிகோடரியும் கெல்ற்றியரும்

பண்டைய கெல்ற்றியர் போர்க்களத்திற் கோடரி எறிந்து பகைவரை வீழ்த்தினர் என்பது இன்று பரவலாக வழங்கும் ஒரு கூற்றாகும். கோடரியெறிதலைப் பொழுதுபோக்காக்கி விற்போர் இதனைத் தம் தொழிலின் தொன்மைக்குச் சான்றாகக் காட்டுவர். சனரஞ்சக எழுத்தாளர் ஆராயாது வழிமொழிவர். சான்றுகளை நோக்குமிடத்து இக்கூற்று ஆதாரமற்றது என்பது புலனாகும். தோற்கடிக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்தினரின் அறிவையும் கைத்திறனையும் மறைப்பதற்கும் இது துணைபோகின்றது. ஆதலின் இதனைச் சிறியதொரு தகவற் பிழையெனக் கருதி வாளாவிருத்தல் பொருந்தாது.

முதற்கண் அகழ்வாய்வுச் சான்றுகளை நோக்குவோம். சுவிற்சலாந்தின் லா தேன் என்னுமிடத்திலே 1857ஆம் ஆண்டு வெளிப்பட்ட புதையிடம் கெல்ற்றியரின் படைக்கலங்களை அறிவதற்குத் தலையாய ஆதாரமாகும். அங்கு கிடைத்தவற்றுள் நீண்ட இரும்பு வாள்களும் ஈட்டிமுனைகளுமே மிகுதி. கோலிய வீரரின் புதைகுழிகளும் வாள், ஈட்டி, கேடயம் என்னும் மூன்றையுமே பெரிதும் காட்டுகின்றன. தொலைவிலிருந்து தாக்குதற்கு அவர்களிடம் எறியீட்டியும் கவணும் இருந்தன. தென் இங்கிலாந்தின் மெயிடன் காசில் கோட்டையில், கவணிலிட்டு எறிதற்கெனச் சேர்த்து வைக்கப்பட்ட 20,000க்கும் மேற்பட்ட கூழாங்கற்கள் ஒரே குவியலாகக் கண்டெடுக்கப்பட்டன. கி.மு. 55இற் பிரித்தானியாவில் இறங்கிய யூலியஸ் சீசர், அந்நாட்டார் தேரிலிருந்து எறியீட்டி வீசியதையும், பின்னர் இறங்கிக் காலாட்களாகப் பொருததையும் வியப்புடன் விவரித்துள்ளார். எறிகோடரிக்கு இச்சான்றுகளில் இடமேயில்லை.

கெல்ற்றியர் கோடரியையே அறியாதிருந்தனரோ என வினவுவோர் உளர். அறிந்திருந்தனர், மரம் வெட்டவும் விலங்கறுக்கவும் அதனைப் பயன்படுத்தினர். ஜேர்மனியின் ஹொக்டோர்வில், கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குரிய தலைவனொருவனின் கல்லறையில் இரும்புக் கோடரியொன்று கிடைத்தது உண்மையே. ஆயின் அது விருந்துக் கலங்களோடு ஒரு வண்டியில் வைக்கப்பட்டிருந்தது. கோடரி கிடைத்தது என்பதனால் அது எறியப்பட்டது என முடிபுகட்டுவது தருக்கமாகாது. சொல்லொன்றும் இக்குழப்பத்திற்கு இடந்தந்துள்ளது. தொல்பொருளியலாளர் பழங்காலக் கோடரித் தலைகளை ஆங்கிலத்திற் ‘செல்ற்’ என வழங்குவர். உளியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லொன்றின் வழிவந்த அப்பெயருக்கும் கெல்ற்றியர் என்னும் இனப்பெயருக்கும் எழுத்தொப்புமையன்றி வேறு தொடர்பு கிடையாது.

அவ்வாறாயின் எறிகோடரி யாருடையது? அது ஜேர்மானிய மொழி பேசிய பிராங்கியருக்குரியது. கி.பி. 539இல் இத்தாலியினுட் புகுந்த பிராங்கியப் படையைப் பற்றி எழுதிய புறொக்கோப்பியஸ், அவர்கள் முதற்பாய்ச்சலிலேயே குறுங்காம்புக் கோடரிகளை ஒருங்கே எறிந்து பகைவரின் கேடயங்களைப் பிளந்தனர் எனக் கூறியுள்ளார். ‘பிரான்சிஸ்கா’ என்னும் அக்கோடரியின் பெயரே பிராங்கியரைச் சுட்டுகின்றது. கோலியர் அலேசியாவில் வீழ்ந்தது கி.மு. 52இல். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 600 ஆண்டுகள் கழிந்துள்ளன. இன்னொரு மக்களின் கருவியை, ஆறு நூற்றாண்டுகளைத் தாண்டி இவர்தம் கையிற் கொடுப்பது வரலாறாகாது. பிற்கால அயர்லாந்தின் போர்க் கோடரியும் இக்கூற்றுக்கு உதவாது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் அயர்லாந்தைப் பற்றி எழுதிய வேல்ஸ் நாட்டு ஜெரால்ட், ஐரிஷ் மக்கள் அதனை நோர்வேயரிடமிருந்து பெற்றனர் என்கிறார். அதுவும் கையிற் பிடித்து வெட்டும் படைக்கலமே.

இத்துணைத் தெளிவான சான்றுகள் இருந்தும் கட்டுக்கதை நிலைத்திருப்பதன் காரணம் யாது? கோடரியை வீசும் காட்டுமிராண்டி என்னும் படிமம் முன்னரே ஆயத்தமாக இருந்தது என்பதே விடையாகும். அதனை வரைந்தோர் கிரேக்க, உரோம ஆசிரியர்கள். கெல்ற்றியரின் சமயகுருமாரான துரூயிதர் தம் கல்வியை எழுத்தில் வடிக்கவில்லை. எனவே அவர்தம் வரலாறு பெரும்பாலும் பகைவரின் எழுத்துவழியே நம்மை எட்டியுள்ளது. எனினும் அப்பகைவரின் நூல்களே தம்மையறியாது உண்மையை உரைக்கின்றன. கி.மு. 225இல் நிகழ்ந்த தெலமோன் போரில் ஆடையின்றிப் பொருத வீரரைப் பற்றி எழுதிய பொலிபியஸ், இருபுறமும் உரோமர் சூழ்ந்தபோது கெல்ற்றியர் இருதிசையும் நோக்கி அணிவகுத்த முறை அந்நிலைமைக்கு ஏற்றதென ஒப்புக்கொள்கிறார். இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த கவசத்தைக் கோலியருக்குரிய ஆக்கமாக வாரோ குறிப்பிடுகிறார். அக்கவசத்தை அணிந்தே உரோமப் படை உலகை வென்றது. மரச்சட்டங்களும் கல்லும் இணைத்தெழுப்பிய கோலிய மதில் தீக்கும் தகர்பொறிக்கும் ஈடுகொடுத்ததைச் சீசரே விளக்கியுள்ளார். பகைவரின் பொறியியலைப் போற்றிய அவர்தம் போரிற் பத்து இலட்சம் பேர் மாண்டனர், அதேயளவினர் சிறைப்பட்டனர் என்பது புளூற்றாக் தரும் கணக்கு. அத்தொகை மிகைப்பட்டதாயினும் அழிவின் பரிமாணத்தை அது உணர்த்தும். மாண்டோர் காட்டுமிராண்டிகள் எனப்படின் கொன்றோர் நாகரிகத்தைப் பரப்பியோராகிவிடுவர். அப்படிமத்தின் அரசியற் பயன் இதுவே.

இன்றைய கோடரியெறி விளையாட்டு 2006இற் கனடாவின் ரொறன்ரோ நகரிலே, ஒரு வீட்டின் பின்புற முற்றத்தில் தொடங்கி வணிகமாக வளர்ந்தது. விளையாட்டு என்ற அளவில் அதனை எவரும் குறைகூறார். தொன்மையைப் பொய்யாகப் புனைந்து அதற்குப் பெருமை தேடுவதே கண்டிக்கத்தக்கது. வென்றவர் தீட்டிய இழிவை விற்பனையாளர் வீரமென மெருகூட்டித் தருகின்றனர், உள்ளீடோ மாறவில்லை. வாளை வடித்த கொல்லனும், வளையங்களைக் கோத்த கம்மியனும், தேரோட்டப் பயின்ற இளைஞனும் அதில் மறைந்துபோகின்றனர். அவர்களை மீட்டெடுப்பதே வரலாற்று மாணவரின் பணி. அதற்கு முதற்படியாக, கெல்ற்றியரின் கையில் யாரோ திணித்த கோடரியைக் கீழே வைத்தல் வேண்டும்.