பத்து நிமிஷ அக்கா

பதிவு கொஞ்சம் நீளம். ஆணும் பெண்ணுமாக இரட்டைப் பிள்ளைகள் உள்ளவர்கள் கடைசி வரை படியுங்கள். மற்ற வீடுகளுக்கும் இது பொருந்தும்.

கடப்பாக்கம் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியவள் நான். பெண் பிள்ளைக்கு மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை என்று கேட்டால் பெற்றோர் சொல்லும் காரணங்கள் எனக்கு மனப்பாடம். "அவ மூத்தவ, பொறுப்பா இருக்கணும்." "அவன் சின்னவன், பசி தாங்க மாட்டான்." "அவ படிக்கும்போது கையில காசு இல்ல டீச்சர், இப்ப இருக்கு."

இரட்டைப் பிள்ளைகள் வீட்டில் இதில் ஒன்றாவது செல்லுமா? ஒரே வயிறு, ஒரே நாள், அப்பா கையில் இருந்த அதே காசு. அங்கேயும் ஓரவஞ்சனை இருக்கிறதே, ஏன்?

பத்து நிமிஷம் முன்னால் பிறந்ததால் அவள் அக்கா. அதனால் தம்பி சாப்பிட்ட தட்டை அவள் கழுவ வேண்டும். சரி, அவன் முதலில் பிறந்திருந்தால்? அவன் அண்ணன். அண்ணன் தட்டைத் தங்கை கழுவ வேண்டும்! எப்படிப் பிறந்தாலும் தட்டு அவள் கைக்குத்தான் வருகிறது. பிறகு எதற்கு இந்த மூத்தவள், இளையவன் கணக்கு?

ஒரு இரட்டையர் ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் இருந்தார்கள். ஆறாம் வகுப்புக்கு அவன் தனியார் பள்ளி வேனில் ஏறினான். அவள் எங்கள் அரசுப் பள்ளிக்கு நடந்து வந்தாள். அரசுப் பள்ளியை நான் குறைவாகச் சொல்லவில்லை. நல்ல பள்ளி என்றால் இருவரையும் அனுப்ப வேண்டியதுதானே? அப்பாவைக் கேட்டேன். "ரெண்டு பேருக்கும் ஃபீஸ் கட்ட முடியாது டீச்சர்" என்றார். ஒருவருக்குத்தான் முடியும் என்றால், முதல் ரேங்க் வாங்குகிறவளுக்கு ஏன் இல்லை என்றேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை.

இரட்டையர் என்றால் நாம் பெருமையாகச் சொல்வது ஆற்காடு சகோதரர்களை. 1887-இல் பிறந்தவர்கள். ராமசாமி முதலியார் வழக்கறிஞர், நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவர், 1946-இல் ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவர். லட்சுமணசாமி முதலியார் மருத்துவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 27 ஆண்டுகள் துணைவேந்தர். இருவரில் ஒருவர் பெண்ணாகப் பிறந்திருந்தால்? 1887-ஐ விடுங்கள், இன்று நம் வீட்டில் என்ன செய்கிறோம்?

சட்டமும் இதில் சரியில்லை. திருமண வயது பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. பதினெட்டாவது பிறந்தநாளுக்கு இருவருக்கும் கேக் ஒன்றுதான். மறுநாளே அவள் ஜாதகத்தை வெளியே எடுக்கலாம். அவன் இன்னும் மூன்று வருடம் 'பையன்'. பெண்ணுக்கும் 21 ஆக்க 2021-இல் மக்களவையில் வைத்த மசோதா நிறைவேறாமலே 2024-இல் காலாவதியானது. ஆனால் 18-இல் கட்டிக்கொடுக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. கட்டிக்கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அவசரம் நம்முடையது.

நல்ல சட்டம் இருக்கும் இடத்திலாவது நாம் ஒழுங்கா? பூர்விகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே வந்தது, நாடு முழுக்க 2005-இல் வந்தது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் போய்ப் பாருங்கள். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வரிசையில் நிற்பது யார்? அக்காவும் தங்கையும்தான்.

தீபாவளிக்கு ஒரே துணியில் இருவருக்கும் தைத்துப் போட்டோ போடுகிறீர்கள். நானும் லைக் போடுகிறேன். அதே சமத்துவம் பள்ளிக் கட்டணத்திலும் பத்திரத்திலும் வேண்டும். முதலில் இன்று இரவு அவனவன் தட்டை அவனவன் கழுவட்டும். பத்து வயதுப் பையனுக்கு அது முடியாத வேலை இல்லை.