எவர்சில்வரும் துருப்பிடிக்கும்!

எங்கள் வீடு திருவொற்றியூரில். கடலுக்கு நடந்தே போய்விடலாம். மொட்டைமாடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையை மாலையில் எடுத்தால், தோள்பட்டையில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழுந்திருக்கும். ஜன்னல் கம்பிக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கவில்லையென்றால் பொடிப்பொடியாக உதிரும். “கடல் காத்துல உப்பு, கம்பெனி காத்துல கரி. எவர்சில்வரைத் தவிர இங்க எதுவும் நிக்காதுடி” என்பது அம்மாவின் தீர்ப்பு.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரை நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்று குடும்ப நண்பர் ஒருவரின் சின்னப் பாய்மரப் படகில் கடலுக்குப் போவதாகத் திட்டம். அவருடைய 2 பிள்ளைகளும் காலை 6 மணிக்கே லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு தயார். நான் செல்போனில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு தயார். படகைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் மட்டும் படகின் முனையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு பஞ்சுத் துண்டை வைத்துக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று பஞ்சு சிக்கி நின்றது. அவர் எழுந்து வந்து சொன்னது இவ்வளவுதான்: “இன்னிக்குப் போவ வேணாம் சார்.”

பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. நண்பருக்குக் கோபம். “எல்லாமே எஸ்.எஸ். கம்பிப்பா! பளபளன்னுதானே இருக்கு?” என்றார். அண்ணன் அவரைக் கூட்டிப்போய்க் காட்டினார். பளபளப்பான கம்பியில் ஓர் இழை அறுந்து, முள் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

ஒரு கம்பியில் நிற்கும் மரம்

சின்னப் பாய்மரப் படகில் பெரும்பாலும் 2 பாய்கள். பாய்மரத்துக்குப் பின்னால் பெரிய பாய், முன்னால் முக்கோணமாக முன்பாய். பாய்மரத்தின் மேல்பகுதியிலிருந்து படகின் முனைக்கு, அதாவது மீனவர்கள் அணியம் என்று சொல்லும் இடத்துக்கு, ஒரு கம்பி இறங்குகிறது. ஆங்கிலத்தில் ஃபோர்ஸ்டே. நாம் முன்கம்பி என்று வைத்துக்கொள்வோம். பாய்மரம் பின்னால் சாயாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதுதான்.

முன்பாயைச் சுருட்டுவதற்கு இருக்கும் கருவிதான் ஃபர்லர். முன்கம்பியின் மேல் நீளமான அலுமினியக் குழாயை மாட்டியிருப்பார்கள். கீழே ஒரு டிரம், மேலே தானாகச் சுழலும் ஒரு ஸ்விவல். டிரம்மில் சுற்றிய கயிற்றைப் பின்னால் உட்கார்ந்தபடியே இழுத்தால் குழாய் சுழன்று, பாய் அதன்மேல் சுருண்டுகொள்ளும். காற்று ஏறும் நேரத்தில் ஆடுகிற படகின் முனைக்குத் தவழ்ந்து போக வேண்டாம்.

இதன் அருமை ஆள் குறைவான படகில்தான் தெரியும். புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி, கேரளத்தைச் சேர்ந்த தில்னா என்ற 2 கடற்படை அதிகாரிகள், 2024 அக்டோபர் 2-ல் கோவாவிலிருந்து ‘தாரிணி’ படகில் கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்களே, நினைவிருக்கிறதா? மொத்தப் படகுக்கும் 2 பேர். அப்படிப்பட்ட பயணத்தில் மிச்சமாகும் ஒவ்வொரு நடையும் உயிருக்கான பாதுகாப்பு.

ஆனால் ஃபர்லரில் ஒரு சங்கடம் உண்டு. குழாய் மூடிவிடுவதால் உள்ளே இருக்கும் முன்கம்பி கண்ணில் படாது.

மூச்சு முட்டும் எஃகு

எவர்சில்வர் ஏன் துருப்பிடிப்பதில்லை? அதில் குரோமியம் இருக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோலாகப் படிகிறது. கீறல் விழுந்தாலும் தோல் மறுபடி வளரும். ஆனால் அதற்கு ஆக்சிஜன் வேண்டும்.

முன்கம்பி 19 இழைகளை முறுக்கிச் செய்தது. அதன் நுனியில் ஒரு உலோகக் குழலை மாட்டி இறுக நசுக்கியிருப்பார்கள். அந்தக் குழலின் வாயில் உப்புத்தண்ணீர் இறங்கித் தேங்குகிறது. உள்ளே காற்று போகாது, தோலும் வளராது. உப்பு நிதானமாகத் தின்கிறது. வெளியே பளபளப்பு, உள்ளே புண். நம் பகுதியில் புகையும் சாம்பலும் உப்போடு சேர்ந்து படிவதால் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும்.

எவர்சில்வரிலும் ரகம் உண்டு. சமையலறைப் பாத்திரங்களில் பரவலாக இருப்பது 304. கடலுக்கு உகந்தது 316. அதில் சேர்க்கும் மாலிப்டினம் உப்பை இன்னும் கொஞ்சம் தாங்கும். கொஞ்சம்தான், என்றென்றைக்கும் இல்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், வாங்கும்போது கேட்டு வாங்க வேண்டும்.

அண்ணன் சொன்ன பாடம்

பிள்ளைகள் சமாதானமாகி வடை சாப்பிடப் போன பிறகு, அவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

• கடலுக்குப் போய்வந்ததும் டிரம், ஸ்விவல் இரண்டையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கிரீஸ் வைப்பதற்கு முன் அந்தக் கருவியின் கையேட்டைப் பார்க்க வேண்டும். சிலவற்றில் உள்ளே பிளாஸ்டிக் உருண்டைகள் இருக்கும். அவற்றுக்குத் தண்ணீரே போதும். கிரீஸ் வைத்தால் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

• குழாயின் அடிப்பகுதியைத் தளர்த்தி மேலே தூக்கி, கம்பி குழலுக்குள் நுழையும் இடத்தைப் பார்க்க வேண்டும். வெறும் கையால் தடவக் கூடாது. அறுந்த இழை விரலைக் கிழித்துவிடும். பஞ்சு போதும். மேல்முனையையும் விடக் கூடாது. சின்னப் படகென்றால் பாய்மரத்தைச் சாய்த்தே பார்த்துவிடலாம்.

• பின்களின் முனையில் மாட்டும் ஸ்ப்ளிட் பின்னை மறக்கக் கூடாது. மிக மலிவான சாமான். அது விழுந்தால் பின் நழுவும், பின் நழுவினால் பாய்மரமே விழும்.

• பாய் சுருளவில்லையென்றால் வின்ச் போட்டு இழுக்கவே கூடாது. மேலே பாயை ஏற்றும் கயிறு முன்கம்பியைச் சுற்றிக்கொண்டிருக்கலாம். இழுக்க இழுக்கக் கம்பியின் முறுக்கு பிரிந்து அறுந்துவிடும்.

• புயல் எச்சரிக்கை வந்தால் சுருட்டிக் கட்டுவது போதாது, பாயையே கழற்றிவிட வேண்டும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டாம். சுருட்டிய பாயின் ஒரு நுனிக்குள் காற்று புகுந்தால் போதும், மொத்தமும் பிரிந்து படபடத்து, கம்பியைப் பிய்த்துவிடும்.

“நடுக்கடல்ல அறுந்துட்டா என்னண்ணா பண்றது?”

“காத்து முதுகுல வர்ற மாதிரி படகைத் திருப்பும்மா. காத்தே மரத்தை முன்னால தள்ளும், பின்னால சாயாது. அப்புறம் மிச்சமிருக்கிற ஏத்துக்கயித்தை முன்னால கொண்டாந்து கட்டி இறுக்கணும். மெதுவா கரைக்கு வரலாம்.”

பாய்மரம் போனால் என்ன ஆகும் என்பதற்கு அபிலாஷ் டோமியின் கதை போதும். 2018 செப்டம்பர் 21, தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயல். படகு புரண்டு பாய்மரம் முறிந்தது, அவருக்கு முதுகில் பலத்த அடி. 3 நாள் கழித்துத்தான் ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து மீட்டது. அது கம்பியின் குற்றமல்ல, புயலின் வேலை. அதே டோமி மறுபடி பாய் விரித்து, 2023-ல் அதே கோல்டன் குளோப் போட்டியில் 2-ம் இடம் பிடித்தார். புயலைத் தடுக்க முடியாது. ஸ்ப்ளிட் பின் விழுவதைத் தடுக்கலாம்.

நம்ம ஊர் விளையாட்டு

பாய்மரப் படகு பணக்காரர்கள் சமாசாரம் என்று நானும் நினைத்திருந்தேன். செலவு பிடிக்கும், உண்மைதான். ஆனால் சென்னைத் துறைமுகத்துக்குள்ளேயே 1911-ல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகப் பாய் விரித்த 4 பேரில் நேத்ரா குமணன், கணபதி, வருண் தக்கர் என 3 பேர் சென்னைக்காரர்கள். மோட்டார் வருவதற்கு முன்பு காசிமேட்டுத் தாத்தாக்கள் கட்டுமரத்தில் பாய் கட்டித்தான் மீனுக்குப் போனார்கள். காற்று நமக்குப் புதிதல்ல.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் நேராக மொட்டைமாடிக்குப் போனேன். அக்கா மகளுக்கு அங்கே ஓர் ஊஞ்சல். எவர்சில்வர் சங்கிலி, எவர்சில்வர் கொக்கி. குழந்தையின் கையில் குத்தக் கூடாதென்று சங்கிலியின் மேல்முனையில் அம்மா துணி சுற்றித் தைத்திருந்தார். பிரித்தேன். துணி ஈரமாக இருந்தது. உள்ளே பழுப்பு நிறக் கறை, கொக்கி தேய்ந்து பாதியாகியிருந்தது.

அம்மா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் ஊஞ்சல் பலகையைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

மறுவாரம் முன்கம்பி புதிது மாட்டியாயிற்று. பிள்ளைகளோடு நானும் கடலுக்குப் போனேன். தூரத்தில் காசிமேட்டுப் படகுகள், அதற்கும் வடக்கே எண்ணூர்ப் புகைபோக்கிகள். முன்பாய் சரசரவென்று விரிந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணன் மட்டும் பாயைப் பார்க்கவில்லை, முனையிலிருந்த பின்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டு ஊஞ்சல் கொக்கி, துணி காயப்போடும் கம்பி, ஏ.சி. வெளிப்பெட்டியின் ஸ்டாண்ட்... இன்றைக்கு ஒரு முறை செல்போனில் ஜூம் செய்து படம் எடுத்து வையுங்கள். அடுத்த மாதம் இன்னொரு படம். ஏதாவது துணியோ டேப்போ சுற்றியிருந்தால், முதலில் அதைப் பிரியுங்கள்.