கூட்டுத்தொகை காப்பாற்றும்!

ஒரு கடைக்குள் தட்டி வைத்து மறைத்து, மூன்று கடையாக்கி வாடகை வாங்கும் சாமர்த்தியத்தைக் கம்ப்யூட்டர்காரர்களும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஒரே சர்வருக்குள் பில்லிங்குக்கு ஒரு கம்ப்யூட்டர், சம்பளத்துக்கு ஒன்று, ஸ்டாக்குக்கு ஒன்று. பெயர், விர்ச்சுவல் மெஷின். தட்டி விழுந்தால் பரவாயில்லை, கட்டடமே விழுந்தால்?

வேலூர் லாங் பஜாரில் மளிகை மண்டி முதலாளி ஒருவர் என்னை மடக்கினார். "நீங்க பி.காம். தானே தம்பி? ஆம்பூர்ல நம்ம மாப்பிள்ளையோட ஷூ கம்பெனி. ஒரு சர்வர் செத்தாலும் தொழிலாளி சம்பளக் கணக்கு சாகக்கூடாதாம். எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா வாங்கச் சொல்றான். காசு என்ன மரத்துலயா காய்க்குது?"

நியாயம். 100 ஜி.பி.யை இரண்டு பிரதி வைத்தால் 200 ஜி.பி. இடம் வேண்டும். இது ரெய்ட்-1.

இன்னொரு வழி இருக்கிறது. 40, 25, 35. கூட்டினால் 100. நடு எண்ணில் காபி கொட்டிவிட்டதா? 100-ல் 75 போனால் 25. வந்துவிட்டது! எல்லாவற்றையும் இரண்டு தடவை எழுதுவானேன்? கூட்டுத்தொகையை மட்டும் தனியே வைத்தால் போதுமே. கம்ப்யூட்டர் கூட்டும் விதம் வேறு, தத்துவம் இதுதான். 1988-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பாட்டர்ஸன், கிப்ஸன், காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையில் இது ரெய்ட்-5.

மூன்று பங்கு கணக்கு, ஒரு பங்கு கூட்டுத்தொகை என்று நாலு சர்வரில் பிரித்தால், 100-க்கு 133 ஜி.பி. போதும். ஒரே சமயத்தில் இரண்டு சர்வர் போனாலும் தாங்க வேண்டுமா? ரெய்ட்-6. ஆறு சர்வர், 150 ஜி.பி. பிரதி எடுத்தே சமாளிப்பதானால் 300!

சும்மா கிடைக்குமா? ஓர் எண்ணைத் திருத்தினால் கூட்டுத்தொகையையும் திருத்த வேண்டும். எழுதும் வேகம் குறையும். அதனால் ஓயாமல் எழுதும் பில்லிங்குக்கு ரெய்ட்-1, எப்போதோ புரட்டும் பழைய கணக்குக்கு ரெய்ட்-5 என்று மெஷினுக்கு மெஷின் தனி விதி வைக்கலாம்.

"அப்ப நிம்மதியாத் தூங்கலாம்?"

முடியாது. யாராவது கணக்கை அழித்தால், அழித்ததையும் அத்தனை சர்வரும் விசுவாசமாக எழுதிக்கொள்ளும். 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரி சர்வர்களில் விஷமிகள் புகுந்து தகவல்களைப் பூட்டிவிட்டார்கள். நாட்கணக்கில் எல்லாம் கையெழுத்து வேலை. கடைசியில் தகவலை மீட்டுக் கொடுத்தது, பாதிக்கப்படாமல் இருந்த பேக்கப் சர்வர்.

முதலாளி தலையாட்டினார். "சரிதான். மாத்துச் சாவியைக் கடைக்குள்ளயே வெச்சா பூட்டுவாங்க?"

உங்கள் ஆபீஸில் பேக்கப் எங்கே என்று நாளைக்கே விசாரியுங்கள். "அதே சர்வர்லதான் சார்" என்று பதில் வந்தால், இந்த மாதச் சம்பளத்தைக் கொஞ்சம் முன்னதாகவே வாங்கிக்கொள்வது உத்தமம்.