பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் உதறுகிறதா?

ஊட்டி கேரட் மூட்டைகளோடு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறது ஒரு பிக்கப். குன்னூரில் பிரேக் மேல் வைத்த காலை டிரைவர் பர்லியார் வரை எடுக்கவே இல்லை. இப்படியே சில மாதங்கள் ஓடின. இப்போது சமவெளியில் பிரேக்கைத் தொட்டாலே ஸ்டீயரிங் உதறுகிறது, பெடலும் துடிக்கிறது.

"டிஸ்க் வளைஞ்சு போச்சுங்கண்ணா, புதுசு போட்டுடலாம்" என்கிறார் மெக்கானிக்.

புதுசு போட்டாச்சு. கொஞ்ச நாளில் அதே உதறல்!

டிஸ்க் அப்பளம் மாதிரி வளைவது அபூர்வம். சூடு மிஞ்சும்போது பிரேக் பேடில் உள்ள பொருள் டிஸ்க்கின் மேல் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்ளும். அல்லது டிஸ்க் ஓரிடத்தில் அதிகமாகத் தேய்ந்திருக்கும். தலைமுடியின் தடிமன்கூட இல்லாத மேடு பள்ளம்தான், ஆனால் கைக்குத் தெரிந்துவிடும். கொதிக்கும் பிரேக்கை அழுத்தியபடியே வண்டியை நிறுத்தி வைத்தாலும் பேடின் அச்சு அந்த இடத்தில் பதியும்.

இன்னொரு காரணம், டிஸ்க் உட்காரும் ஹப்பில் படிந்த துரு. அதைத் தேய்த்து எடுக்காமல் மாட்டினால் புது டிஸ்க்கும் லேசாக ஆடியபடியே சுற்றி, ஒரு பக்கம் தேயும். பஞ்சர் கடையில் வீல் நட்டுகளை எதிரெதிராக முடுக்காமல் வரிசையாக இறுக்கினாலும் இதே கதைதான். (அவசரத்தில் யார் கவனிக்கிறார்கள்?)

அதனால் காசு கொடுக்கும் முன் கேளுங்கள்: டயல் கேஜ் வைத்துப் பார்த்தீர்களா? ஹப்பைச் சுத்தம் செய்தீர்களா? டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். அதற்குமேல் போதுமான அளவு மிச்சமிருந்தால் லேத்தில் கடைந்தே சரிசெய்யலாம். இல்லையென்றால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும், பேடும் புதிதாக. ஸ்டீயரிங் அமைதியாக இருந்து சீட் மட்டும் அதிர்ந்தால், பின்சக்கர டிரம்மைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உதறலோடு போனால் பரவாயில்லை. அதே சூட்டில் பிரேக் ஆயில் கொதித்தால், மிதித்த பெடல் தரைவரை போகும், லோடு வண்டி நிற்காது. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குபவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அருகில்.

அந்த டிரைவர் இப்போது ஏறிய கியரிலேயே இறங்குகிறார். பின்னால் வரும் கார்கள் ஹாரன் அடிக்கின்றன. பர்லியாரில் டீக்கு நிறுத்தினால், பிரேக்கில் கால் வைத்துக் காத்திருப்பதில்லை. கிளீனர் பையன் முதலில் குதித்து, சக்கரத்துக்குக் கல் வைக்கிறான்.