நாற்றுக்கட்டு தூக்குவது உடற்பயிற்சி ஆகாது

எங்கள் இரவுப் பாடசாலைக்கு ஓர் இரும்புக் கம்பியும் நாற்பது கிலோ எடைத்தட்டுகளும் வாங்கலாம் என்று போன மாதக் கூட்டத்தில் சொன்னேன். பெண்பிள்ளைகளுக்காக. மூத்த தோழர் ஒருவர் சிரித்துவிட்டார். “நம்ம பொம்பளைங்க தூக்காத பாரமாம்மா? நாத்துக்கட்டு, செங்கல்லு, ஜல்லிக்கூடை... இதுக்கு மேல ஜிம்மு வேறயா?”

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தவறு.

பயிற்சியில் எவ்வளவு எடை என்று முடிவு செய்வது தூக்குகிறவள். இன்று பத்து கிலோ, உடம்பு பழகியதும் பன்னிரண்டு. நடுவில் ஓய்வு, அப்புறம் சாப்பாடு, தூக்கம். அந்த ஓய்வில்தான் தசை தேறுகிறது. சித்தாள் வேலையில் எடையை முடிவு செய்கிறவர் மேஸ்திரி. வலிக்கிறது என்று உட்கார்ந்தால் கூலி போகும். நடவில் நாள் முழுக்க இடுப்பு ஒரே வளைவில் நிற்கிறது. நம் தெருவில் நாற்பத்தைந்து வயதிலேயே கையூன்றாமல் தரையிலிருந்து எழ முடியாத அக்காக்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களில் ஒருவரும் சும்மா இருந்தவர் இல்லை.

முப்பதைத் தாண்டினால் தசை மெல்லக் குறையும். மாதவிடாய் நின்றபின் எலும்பு வேகமாக வலுவிழக்கும். எடைப் பயிற்சி இரண்டையும் மட்டுப்படுத்துகிறது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கவும் உதவுகிறது. தசைக்கான பயிற்சி வாரத்துக்கு 2 நாளாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ‘ஆம்பளை மாதிரி ஆயிடுவா’ என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை. அவ்வளவு தசை வைக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் பெண்ணுடம்பில் மிகக் குறைவு.

ஆனால் சோறு இல்லாமல் கம்பி மட்டும் கொடுத்தால் அது இன்னொரு சுரண்டல். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முட்டை, கடலை, பயறு, கருவாடு, மாட்டுக்கறி எல்லாம் வேண்டும். மாட்டுக்கறியில் புரதமும் இரும்புச்சத்தும் சேர்ந்தே இருக்கின்றன. அதைச் சாப்பிடுவதை விடுதியில் சொல்லக் கூசும் மாணவிகள் இருக்கிறார்கள். கூச வேண்டியவர்கள் அவர்கள் இல்லை.

பலம் வந்தால் சாதி ஓடிவிடும் என்று நான் சொல்லவில்லை. 2021 டோக்கியோவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தவர் வந்தனா கட்டாரியா. ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண். அரையிறுதியில் அணி தோற்றதும் அவர் வீட்டு வாசலில் வெடி வெடித்துச் சாதியைச் சொல்லித் திட்டினார்கள். அதற்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்தான் வேண்டும், வலுவான தோள் போதாது. நான் கேட்பது வேறு: அறுபது வயதில் வலியில்லாமல் நடக்கிற உடம்பு நம் பெண்களுக்கும் வேண்டும்.

பையன்களுக்கு கேரம் போர்டும் வாலிபால் வலையும் வாங்கியபோது யாரும் கேள்வி கேட்கவில்லை. அந்த ரசீதுகள் கணக்கு நோட்டில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மறுபடி கேட்கப் போகிறேன். இதுவரை பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேர் அம்மாக்கள். வேலை முடிந்து வர நேரமாகும், எட்டு மணிக்கு மேல் வைக்க முடியுமா என்று அதில் ஒரு அக்கா கேட்டிருக்கிறார். வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.