விடுமுறை உலா: பண்டார்தரா ஏரிக்கரையில்

மும்பை, தாணே, கல்யாண் பகுதிகளில் வாழும் நம்மவர்க்கு விடுமுறை என்றால் ஊருக்குப் போவது. இல்லையேல் வீட்டிலேயே முடங்கிக் கிடப்பது. ஊர்ப் பயணத்திற்குக் கையிருப்பு ஆண்டுக்கு ஒரு முறைதான் இடங்கொடுக்கிறது. எஞ்சிய நாட்களில், கடற்கரையை விட்டால், நம் குழந்தைகள் காணும் நீர்நிலை வாசற்படியருகே நிற்கும் பிளாஸ்டிக் பீப்பாய்தான். மலையும் ஏரியும் செல்வர்க்கு உரியவை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அவ்வெண்ணம் சரியன்று எனக் காட்டவே இம்மாதம் அன்பர்களைப் பண்டார்தராவுக்கு அழைக்கிறேன்.

கசாரா வரை புறநகர் மின்வண்டி செல்கிறது. அதற்கு மேல் நெடுந்தூர வண்டியில் தள் காட் எனப்படும் மலைப்பாதையில் ஏற வேண்டும். 37 அடி நகர்ந்தால் ஓரடி உயரும் ஏற்றம் அது. 1865-ல் திறக்கப்பட்ட அப்பாதையில் வண்டியைப் பின்னின்று தள்ளுவதற்கென்றே கசாராவில் கூடுதல் எஞ்சின்களைப் பூட்டுகிறார்கள். குழந்தைகளை இடப்புறமும் வலப்புறமும் மாறி மாறி உட்கார வைத்தால் சுரங்கங்களையும் பள்ளத்தாக்குகளையும் கண்டு களிப்பர். ஏற்றம் முடியுமிடம் இகத்புரி. அங்கிருந்து கோட்டி வழியாகச் சாலையில் ஏறக்குறைய 35 கிலோமீட்டர் சென்றால் ஏரி வந்துவிடும்.

ஏரி என்கிறோமே தவிர, இது மனிதர் கட்டிய அணையின் நீர்த்தேக்கம். பிரவரை ஆற்றின் குறுக்கே 1910-ல் தொடங்கி 1926-ல் முடித்த வில்சன் அணை, ஏறத்தாழ 270 அடி உயரத்தில் நீரைத் தாங்கி நிற்கிறது. தேங்கிய நீருக்கு ஆர்தர் ஏரி என்று பெயர். முழுக் கொள்ளளவு சுமார் 11 டி.எம்.சி. கீழே சமவெளியில் கரும்பு விளைவது இந்நீரால்தான்.

பிரவரைக் கரையிலேயே சற்றுக் கீழே அகோலே என்னும் ஊரில் அகத்தியருக்கு ஆசிரமம் ஒன்று உண்டு. அம்முனிவர் இப்பக்கத்தில் தவம் செய்தார் என்று மராட்டிய மக்கள் நம்புகின்றனர். பொதிகையில் அமர்ந்து தமிழ் வளர்த்தவர் என்று நாம் கொண்டாடும் அதே அகத்தியர்தான். சென்ற மார்கழியில் எங்கள் குடியிருப்பின் சில குடும்பங்கள் அங்கு சென்றபோது, அம்பாசமுத்திரத்து ஆச்சி ஒருவர் இச்செய்தியைக் கேட்டுக் கைகூப்பினார். "நம்ம தாமிரவருணிக்கும் அவருதான், இந்த ஆத்துக்கும் அவருதானா!" என்றார். அந்நிய நிலத்தில் கால் வைத்த கூச்சம் அந்த ஒரு சொல்லோடு எங்கள் எல்லோரையும் விட்டு நீங்கியது.

ஏரியின் மறுகோடியில் ரத்தன்வாடி என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே அமிருதேசுவரர் கோயில், கருங்கல்லில் நுணுக்கமான வேலைப்பாட்டோடு விளங்குகிறது. அணைப் பக்கத்திலிருந்து படகிலேயே அங்கு செல்லலாம். இருபுறமும் மலைகள், எதிரே ரத்தன்கட் கோட்டை, நடுவே நிறம் மாறிக்கொண்டிருக்கும் நீர். ஆனால் படகைப் பற்றிச் சொல்லுமுன், நம் குடும்பங்கள் அறிந்தே தீரவேண்டிய செய்தி ஒன்று உண்டு.

நம்மில் பலர் ஊர்க்குளத்திலும் ஆற்றிலும் நீந்தி வளர்ந்தவர்கள். குளத்திற்குப் படித்துறை உண்டு. எத்தனையாவது படியில் எவ்வளவு ஆழம் என்பதைக் கால்களே அறியும். அணை ஏரியோ முன்பு மலைச்சரிவாக இருந்த நிலம். கரையிலிருந்து நான்கு அடி எடுத்து வைப்பதற்குள் தரை சட்டென்று கீழே போய்விடலாம். அடியில் சேறும், பாறையும், பழைய மரக்கட்டைகளும் கிடக்கும். கரையும் ஓரிடத்தில் நில்லாது. பாசனத்திற்கு நீர் விடவிட அது இறங்கிக்கொண்டே போகும். போன முறை நின்ற இடம் இம்முறை சேறாக இருக்கும். ஆகையால், "எனக்கு நீச்சல் தெரியும்" என்பது இங்கே துணையாகாது. மழைக்காலத்து அருவிகளோ இன்னும் கொடியவை. 2024 ஜூன் 30 அன்று லோனாவ்லாவில் பூசி அணையருகே அருவி நீரில் நின்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐவரை, திடீரெனப் பெருகிய வெள்ளம் அடித்துச் சென்றது. மேலே எங்கோ பெய்யும் மழை கீழே நிற்பவர்க்கு அறிவித்துவிட்டு வருவதில்லை.

எங்கள் படகுப் பயணத்தின்போது நடந்ததைக் கூறுகிறேன். ஒன்பது பேர் ஏறத் தயாராக நின்றோம். படகுக்காரரிடம் லைஃப் ஜாக்கெட் எனப்படும் மிதவைச் சட்டைகள் ஐந்தே இருந்தன. "குழந்தைகளுக்குப் போட்டால் போதும், பெரியவர்களுக்கு எதற்கு?" என்றார் நம் அன்பர் ஒருவர். ஆச்சி கரையிலேயே நின்றுகொண்டார். "ஒன்பது பேருக்கு அஞ்சு சட்டை. மிச்சம் நாலு பேரு யாருன்னு இப்பமே சொல்லிருங்க, நான் பார்த்துக்கிடுதேன்" என்றார். எவரும் வாய் திறக்கவில்லை. ஐவர், நால்வர் என இரண்டு தடவையாகப் போய் வந்தோம். ஒரு மணி நேரம் கூடுதலாயிற்று. செலவும் சற்றுக் கூடிற்று. ஆச்சியும் ஆரஞ்சு நிறச் சட்டையைப் புடவைமேல் மாட்டிக்கொண்டு இரண்டாம் படகில் வந்தார். படகுக்காரரும் அதன்பின் கயிறுகளைத் தாமே இழுத்துப் பார்த்துக் கட்டிவிட்டார்.

இனித் தங்குவது பற்றி. ஏரிக்கரையில் கூடாரங்களை வாடகைக்கு அமைத்துத் தருகிறார்கள். சுற்றியுள்ள சிற்றூர்களில் பெரும்பாலோர் மகாதேவ் கோலி எனப்படும் மலைவாழ் மக்கள். கூடார வாடகையும், சமைத்துப் போடும் கூலியும், வழிகாட்டும் கூலியும் அவர்கள் கைக்கு நேரே செல்வது நலம். நம் வழக்கமோ வேறு. ஸ்டவ், குக்கர், புளிசாதப் பொட்டலம், அப்பளக்கட்டு என்று பாதிச் சமையலறையைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறோம். ஆடவர் நீரைப் பார்த்து நிற்க, பெண்டிர் கல்லடுப்பின் புகையைப் பார்த்து நிற்கின்றனர். இதற்கு உல்லாசப் பயணம் என்று பெயர்! அங்குள்ள வீடுகளில் சோளம் அல்லது கம்பு மாவில் தட்டிய சூடான பாக்கரியும், கடலைமாவில் கிண்டிய பிட்லாவும், பச்சைமிளகாய் டேச்சாவும் கிடைக்கும். முன்னரே சொல்லி வைத்தால் சோறும் பருப்பும் ஆக்கித் தருவார்கள். ஆகவே இரண்டு நாள் நம் வீட்டுப் பெண்கள் கரண்டியைத் தொடாதிருக்கட்டும்.

இதற்கு அம்மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. அருகே உயர்ந்து நிற்பது கள்சுபாய் மலை. 1646 மீட்டர் உயரத்துடன் மகாராஷ்டிரத்தின் மிக உயர்ந்த சிகரம் அதுவே. கள்சு என்ற பெண், பாத்திரம் துலக்கவும் பெருக்கவும் தன்னை ஏவக்கூடாது என்ற நிபந்தனையோடு ஒரு வீட்டில் வேலைக்கிருந்தாளாம். ஒருநாள் அவ்வீட்டார் பாத்திரம் துலக்க ஏவவே, அவள் மலையேறிச் சென்று அங்கேயே தங்கிவிட்டாளாம். உச்சியில் அவளுக்குச் சிறு கோயில் இருக்கிறது. பாரி என்னும் அடிவாரச் சிற்றூரிலிருந்து ஏற மூன்று நான்கு மணி நேரம் ஆகும். செங்குத்தான பாறைகளில் இரும்பு ஏணிகள் பொருத்தியுள்ளனர். விடியுமுன் புறப்பட வேண்டும். தண்ணீர் கையோடு வேண்டும். முழங்கால் வலியுள்ளோர் முதல் ஏணியோடு திரும்பிவிடுதல் நலம். எங்கள் கூட்டத்தில் உச்சியைத் தொட்ட அறுவரில் நால்வர் பெண்கள்.

ஐப்பசி முதல் மாசி வரை கூடாரத்திற்கு ஏற்ற காலம். மார்கழி, தை இரவுகளில் குளிர் கடுமையாதலால் கம்பளி இன்றியமையாதது. மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும், மழைக்குச் சற்று முன், மரங்களில் மின்மினிகள் கூட்டங் கூட்டமாக ஒளிர்வதைக் காணலாம். அப்போது டார்ச் விளக்கை அணைத்துவிடுக. வெளிச்சம் அவற்றின் கூடலைக் கெடுக்கும். கொண்டு சென்ற பிளாஸ்டிக்கை அப்படியே திருப்பிக் கொண்டு வருக. அந்நீர் கீழே பல ஊர்களின் வயலுக்கும் வீட்டுக்கும் போவது.

சங்கத்தின் சார்பில் குடும்பங்கள் சேர்ந்து செல்ல விரும்பினால் நான்கைந்து வீட்டார் கூடிப் பேசி நாள் குறியுங்கள். தலை எண்ணி, அத்தனை மிதவைச் சட்டைகள் உண்டா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையேல் படகைத் தவிர்த்துக் கரையோரம் நடந்து வாருங்கள். மலையும் ஏரியும் அங்கிருந்தும் நன்றாகவே தெரியும். அடுத்த இதழில் வேறோர் ஊரில் சந்திப்போம்.