கொக்குக்கு மறுபடியும் வெள்ளையடிக்கும் முன்...

ஊருக்கு ஊர் பூங்காவில் ஒரு சிமெண்ட் கொக்கு நிற்கும். பக்கத்தில் ஒரு மான், ஒரு முயல். பழைய வீட்டுத் தோட்டங்களிலும் இவற்றில் ஒன்றிரண்டு இருக்கும். நாலைந்து மழைக்காலம் போனால் கொக்கு கறுத்துப் பாசி பிடிக்கும், மூக்கு நுனியில் கம்பி எட்டிப் பார்க்கும். அப்போது பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவது, அல்லது ஒரு டப்பா எனாமல் வாங்கி அழுக்கின் மேலேயே அடித்துவிடுவது. இரண்டுமே தப்புக் கணக்கு!

எனாமல் எண்ணெய் சார்ந்த பெயிண்ட். சிமெண்டில் இருப்பதோ காரத்தன்மை. ஈரமும் சேர்ந்துவிட்டால் அந்தக் காரம் பெயிண்டை அரித்துவிடும். தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும், உப்புப் பூக்கும். உள்ளே கம்பி துருப்பிடித்தால் கதை இன்னும் மோசம். துரு இரும்பை விட அதிக இடம் கேட்கும், சிமெண்டைப் பிளந்துகொண்டு வரும். மேலே எத்தனை கோட் அடித்தாலும் அது நிற்காது.

இது நம்மூர் கொக்குக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் 1854-ல் பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் உருவாக்கிய டைனோசர் சிலைகள் இருக்கின்றன. 2002-ல் அவை பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்டன. அப்படியும் 2020-ல் மெகலோசாரஸின் தாடை உடைந்து விழுந்தது, 2021-ல் புதிய தாடை பொருத்த வேண்டியிருந்தது. வெளியில் நிற்கும் சிலைக்கு 'ஒருமுறை செய்தால் போதும்' என்பது கிடையாது. வருடா வருடம் ஒரு பார்வை வேண்டும்.

செலவை விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு: ஈயம். இந்தியாவில் வீட்டு உபயோக பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த மஞ்சளிலும் சிவப்பிலும் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? உப்புத்தாள் போட்டு வறட்டு வறட்டென்று தேய்த்தால் அந்தத் தூசு மண்ணில் விழும். அதே மண்ணில்தான் குழந்தைகள் விளையாடுகிறார்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்? நன்றாக ஒட்டியிருக்கும் பழைய பெயிண்டைச் சுரண்டாமல் விடலாம். உரிந்து வருவதை மட்டும் நனைத்துவிட்டு, கீழே பிளாஸ்டிக் விரித்து எடுக்கலாம். வேலை செய்பவருக்குத் துண்டு போதாது, தூசு தடுக்கும் மாஸ்க் வேண்டும். கம்பியின் துருவை நீக்கி, துரு தடுக்கும் ப்ரைமர் அடித்து, சிமெண்ட் பூசி, ஒரு வாரம் தண்ணீர் விட்டு, பிறகு ஒரு மாதம் காய விட வேண்டும். கடைசியில்தான் சிமெண்ட் ப்ரைமரும் வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு கோட்டும். மழை ஓய்ந்த தை, மாசி மாதங்கள் இதற்குத் தோது.

இதில் பெயிண்டின் விலை சின்னது. நாளும் கூலியும்தான் பெரிது. ஒப்பந்தத்தில் 'பெயிண்ட் அடித்தல்' என்று ஒரே வரி எழுதினால் அந்த ஒரு வரி வேலைதான் நடக்கும். சுத்தம் செய்வதற்கும் பழுது பார்ப்பதற்கும் தனி வரி, தனிக் காசு ஒதுக்கட்டும். கொக்கின் வெள்ளை கொஞ்சம் மங்கலாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அதன் காலடி மண்ணில் விஷம் கலந்தால்தான் நஷ்டம்.